யாழ்ப்பாண நகர வீதிகளும் அவற்றின் பொறுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் ஆட்சிமுறையை அறிய விரும்புவோர் அதன் அரசியல் யாப்பை ஆராய்வது வழக்கம். எனினும் ஆட்சியதிகாரம் மக்களின் அன்றாட வாழ்வைத் தொடும் இடத்தை யாப்பினும் தெளிவாகக் காட்டுவன வீதிகளே எனலாம். வீதியை அமைப்பவர் யார், அதற்குப் பணம் தருபவர் யார், மழைவெள்ளம் தேங்கும்போது மக்களுக்கு விடைகூற வேண்டியவர் யார் என்னும் மூன்று வினாக்களே இங்கு அடிப்படையானவை. யாழ்ப்பாண நகரின் பெருவீதிகளைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் மூன்றுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை. அந்நிலை எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒல்லாந்தர் காலத்தில் குடாநாட்டின் பொதுவேலைகளுக்கு ஊழியம் எனப்பட்ட கட்டாய உழைப்பு பயன்பட்டது. பிரித்தானியர் 1830களின் தொடக்கத்தில் இராசகாரிய முறையை ஒழித்தனர். ஆயினும் வீதிகளுக்கு வேண்டிய உழைப்பை வேறொரு வடிவில் பெறும் தேவை அவர்களுக்கு விரைவிலேயே ஏற்பட்டது. 1848ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்யவேண்டும், அன்றேல் அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று. வடக்கில் அத்தகைய கிளர்ச்சி எழவில்லை. எனினும் சட்டம் இங்கும் செல்லுபடியாயிற்று.

1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் வழி மாகாண, மாவட்ட வீதிக்குழுக்கள் செயற்பட்டன. நாட்டின் முதன்மை வீதிகள் கொழும்பிலிருந்து நிருவகிக்கப்பட்ட பொதுவேலைப் பகுதியின் பராமரிப்புக்கு உட்பட்டன. சிறு வீதிகள் வீதிக்குழுக்களின் கையிற் சேர்ந்தன. குழுவின் தலைமை அரசாங்க அதிபரிடம் இருந்தது. 1829இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து 1867இல் மறைந்த டைக், 1869 முதல் 1896 வரை பதவிவகித்த துவைனம் ஆகிய அதிபர்களின் காலத்தில் வரியறவிடுவதும் வேலையைப் பங்கிடுவதும் முறைப்பாட்டைக் கேட்பதும் பெரிதும் கச்சேரி ஒன்றிலேயே நிகழ்ந்தன. பொறுப்பு ஓரளவு ஒருமுகப்பட்டிருந்தது உண்மையே. ஆனால் அப்பொறுப்பைத் தாங்கியவர் மக்களால் தெரிவுசெய்யப்பட்டவரல்லர். அவர் விடைகூறியது கொழும்பிலிருந்த ஆள்பதிக்கேயன்றி ஒழுங்கையிற் குடியிருந்தோருக்கு அன்று.

உள்ளூராட்சியின் வளர்ச்சி இந்நிலையை மாற்றியது. 1865ஆம் ஆண்டின் மாநகரசபைச் சட்டத்தின்கீழ்க் கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரங்கள் சபைகளைப் பெற்றபோது யாழ்ப்பாணம் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. இங்கு 1906இல் உள்ளூர்ச்சபை ஏற்பட்டது. அது 1921இல் நகர மாவட்டசபையாகவும், 1940இல் நகரசபையாகவும், 1949இல் மாநகரசபையாகவும் தரமுயர்ந்தது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம் கட்டட அனுமதி வழங்கும் அதிகாரத்தையும் உள்ளூர் அதிகாரசபைகளிடம் ஒப்படைத்தது. இவ்வாறு நகரத்தின் சிறு தெருக்களும் ஒழுங்கைகளும், அவற்றின் இருமருங்கும் எழும் கட்டடங்களும் நகர மக்களின் சபைக்கு உட்பட்டன. ஆனால் நகரின் நடுவே ஓடும் முதன்மை வீதிகள் மத்திய அரசின் திணைக்களத்திடமே தங்கின. மக்களுக்கு விடைகூறும் சபை தோன்றியபோது, அது விடைகூற வேண்டிய வீதியின் முக்கியமான பகுதி அதன் கையில் இருக்கவில்லை. இம்முரண்பாடே பின்வந்த சிக்கல்களுக்கு மூலமாகும்.

யாழ்ப்பாண நகரின் இயற்கையமைப்பு இச்சிக்கலை மேலும் கூர்மையாக்குகின்றது. குடாநாடு சுண்ணக்கற்பாறையின்மேல் அமைந்த தட்டையான நிலம். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான காலத்தில் மிகுதியாகப் பெய்கின்றது. அந்நீர் குளங்களையும் கடனீரேரியையும் அடைந்தாலன்றி நகரம் வடிவதில்லை. நகர மையத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வடக்கேயும், பருத்தித்துறை வீதி வடகிழக்கேயும், கண்டி வீதி கிழக்கேயும் செல்கின்றன. இவற்றுக்கிடையே ஒழுங்கைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒழுங்கையில் விழுந்த நீர் பெருவீதியைக் கடந்தோ அதன் ஓரவாய்க்கால் வழியாகவோ செல்லவேண்டியுள்ளது. பெருவீதி செப்பனிடப்படும் ஒவ்வொரு முறையும் அதன் மட்டம் உயருமாயின், ஒழுங்கை பள்ளமாகும். வீதியோர வாய்க்காலை வீதியின் உறுப்பாகக் கொள்வதா, நகர வடிகாலமைப்பின் உறுப்பாகக் கொள்வதா என்னும் வினா அப்போது எழுகின்றது. வாகனங்கள் தடையின்றிச் செல்வதையே அளவுகோலாகக் கொள்ளும் மத்திய நிறுவனமும், வீட்டு வாசலில் நீர் தேங்காதிருப்பதை அளவுகோலாகக் கொள்ளும் மாநகரசபையும் இவ்வினாவுக்கு ஒரே விடையைத் தருவது எளிதன்று.

இச்சிக்கல் யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1916ஆம் ஆண்டின் கூட்டரசு வீதியுதவிச் சட்டம் 2,500 பேருக்கு மேற்பட்டோர் வாழும் ஊர்களின் தெருக்களைப் பெரும்பாலும் உதவிக்கு அப்பாற்பட்டனவாகக் கொண்டது. நகருள் நீளும் பெருவீதிகளுக்கான உதவி 1944ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே வழிப்படுத்தப்பட்டது. பிரித்தானியாவில் 1936ஆம் ஆண்டின் சட்டம் நெடுந்தூர வீதிகளை மத்திய அமைச்சுக்கு மாற்றியது. எனினும் பராமரிப்பு வேலையைக் கவுண்டிச் சபைகள் அமைச்சின் முகவர்களாக இருந்து செய்தன. பணம் மத்திய அரசினதாகவும் கை உள்ளூர்ச் சபையினதாகவும் அமைந்த இவ்வேற்பாடு சிறப்பாக நோக்கத்தக்கது.

இலங்கையிற் பிற்காலச் சட்டங்கள் பொறுப்பை இரண்டாக அன்றி மூன்றாகப் பகுத்தன. 1981இல் கிராமசபைகளும் பட்டினசபைகளும் நீக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் உருவாயின. 1988 சனவரியிற் பிரதேச சபைகள் தோன்றின. 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு வழிவகுத்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியல் யாப்புத் திருத்தம் தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த மாகாண வீதிகளை மாகாணசபைக்கு வழங்கியது. இதன்படி ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசுக்கும், சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கும், ஏனையவை உள்ளூராட்சிச் சபைகளுக்கும் உரியனவாயின. இப்பகுப்பு வீதியின் தரத்தை அடிப்படையாகக் கொண்டதேயன்றி, அது கடந்துசெல்லும் இடத்தின் தன்மையை அன்று. வயல்வெளியைக் கடக்கும் கண்டி வீதியும் நகரச் சந்தடியைக் கடக்கும் கண்டி வீதியும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே.

போர் இப்பகுப்பையும் பல ஆண்டுகள் பொருளற்றதாக்கியது. பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வீதிகள் எந்த வகுப்பைச் சேர்ந்தனவாயினும் மக்களுக்குப் பயன்படவில்லை. மாநகரசபையிலும் 1998 சனவரித் தேர்தல் வரை நீண்டகாலம் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இருக்கவில்லை. 2009இன் பின்னர் வெளிநாட்டுக் கடனுதவியுடன் பெருவீதிகள் விரிவாக்கப்பட்டன. 2013இல் தெரிவான வட மாகாணசபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. பெருவீதிக்குக் கடன்நிதி கிடைத்த அளவுக்கு அதனோடு இணையும் ஒழுங்கைக்கும் வாய்க்காலுக்கும் நிதி கிடைப்பதற்கு இப்பகுப்பில் வழி இல்லை. வீதியின் தரம் உயரும்தோறும் அதன் அருகில் வாழ்வோருக்கும் அதன் உரிமையாளருக்கும் இடையிலான தூரமும் கூடுகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பொறுப்பு ஒரு கையில் இருந்த காலத்தில் மக்களுக்கு விடைகூறும் கடமை இருக்கவில்லை என்பதும், அக்கடமை தோன்றிய காலத்திற் பொறுப்பு பிளவுபட்டது என்பதும் புலனாகும். பழைய கச்சேரியின் ஒருமையை மீட்பது இதற்குத் தீர்வாகாது. பெருவீதிகள் முழுவதையும் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர் பரப்புடைய மாநகரசபையிடம் ஒப்படைப்பதும் அதன் வருவாய்க்கு இயலாத சுமையாகும். நகர எல்லைக்குட்பட்ட பெருவீதியின் தளம், வாய்க்கால், நடைபாதை ஆகியவற்றை ஒரே அலகாகக் கொண்டு, பணத்தை மத்திய அரசும் மாகாணமும் வழங்க, பராமரிப்பையும் மக்களுக்கு விடைகூறும் கடமையையும் மாநகரசபை ஏற்கும் உடன்படிக்கை முறையே பொருத்தமானதாகத் தோன்றுகின்றது. ஆறு நாள் உழைப்பை வரியாகச் செலுத்திய தலைமுறைக்கு அவ்வுழைப்பு எவ்வீதிக்குச் செல்ல வேண்டும் என்று கேட்கும் உரிமை இருக்கவில்லை. வாக்குரிமை பெற்ற தலைமுறைக்கு அவ்வுரிமை உண்டு. தன் வாசலில் நீர் தேங்கும்போது எக்கதவைத் தட்டவேண்டும் என்பதையாவது ஒரு குடிமகன் ஐயமின்றி அறியும் நிலை உருவாகும்போதே அவ்வுரிமை பொருளுடையதாகும்.