பர்மாவிலிருந்து வந்த அன்றாடத் தியானம்

மன அழுத்தம், பதற்றம், தீராத வலி ஆகியவற்றுக்கு இன்று மருத்துவமனைகளில் கற்பிக்கப்படும் தியானப் பயிற்சிக்குப் பர்மாவில் ஆழமான வேர் உண்டு. அந்த வேரான விபாசனா என்ற பௌத்தத் தியானம் பழமையானது, ஆனால் இல்லறத்தார் பெருமளவில் அன்றாடம் செய்யும் வழக்கமாக அது மாறியது கடந்த 150 ஆண்டுகளுக்குள்தான். அதற்கு முன் தியானம் பெரும்பாலும் துறவிகளில் சிலர் மேற்கொண்ட பயிற்சி. மற்றவர்கள் தானம் செய்தார்கள், சீலம் காத்தார்கள்.

1885-இல் பிரிட்டிஷார் பர்மியத் தலைநகர் மாண்டலேயைக் கைப்பற்றி, திபோ மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தினர். மடங்களைப் பேணிவந்த அரசு மறைந்ததும், பௌத்தத்தைக் காக்கும் பொறுப்பு மக்களிடம் வந்தது. இதை உணர்ந்தவர் லெடி சயாடோ (1846–1923) என்ற துறவி. பாலி நூல்களின் நுட்பமான கருத்துகளை அவர் எளிய பர்மிய மொழியில் எழுதினார். இல்லறத்தாரும் தியானம் பழகலாம் என்று ஊர் ஊராகப் போதித்தார். அவரிடம் பயின்ற சயா தெட்ஜி என்ற விவசாயி, துறவு பூணாமலே ஆசிரியரானார்.

சயா தெட்ஜியின் மாணவர் ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். கோப்புகளுக்கு நடுவே, தம் அலுவலகத்திலேயே இடம் ஒதுக்கி ஊழியர்களுக்குத் தியானம் கற்பித்தார். 1952-இல் ரங்கூனில் ஒரு மையத்தையும் நிறுவினார். வேலைக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் ஒதுங்கியிருக்க முடியாது. எனவே பத்து நாள் வகுப்பும் அதன்பின் வீட்டில் அன்றாடப் பயிற்சியும் என்ற முறை வேரூன்றியது.

அதே ரங்கூனில் 1949 முதல் மகாசி சயாடோ என்ற துறவி வேறொரு முறையைக் கற்பித்தார். மூச்சோடு வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்க வேண்டும். கால் வலித்தால் ‘வலி’ என்றும், எண்ணம் ஓடினால் ‘எண்ணம்’ என்றும் மனத்துக்குள் குறித்துக்கொண்டு, மீண்டும் வயிற்றுக்குத் திரும்ப வேண்டும்.

மாண்டலேயில் பிறந்த வணிகர் சத்திய நாராயண கோயங்கா, கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டு 1955-இல் ஊ பா கின்னிடம் வந்தார். உடல்நோய்க்கு மருந்து தேடி வருபவருக்கு இது ஏற்றதல்ல, மனத்தைத் தூய்மையாக்கவே இந்தப் பயிற்சி என்று சொல்லித்தான் ஆசிரியர் அவரை ஏற்றுக்கொண்டார். 1969-இல் கோயங்கா இந்தியாவில் வகுப்புகளைத் தொடங்கினார். பின்னர் மகாராஷ்டிரத்தின் இகத்புரி அவற்றின் தலைமை மையமானது.

ஆசியாவில் விபாசனா பயின்ற அமெரிக்க இளைஞர்கள் 1975-இல் மாசசூசெட்ஸில் ஒரு தியான மையத்தை நிறுவினார்கள். அதே மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1979-இல் ஜான் கபாட்-சின், நாள்பட்ட வலியுள்ளவர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். அது எட்டு வாரப் பாடத்திட்டமாக வளர்ந்தது. உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தும் பயிற்சியை ஊ பா கின் மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். ஜென், ஹத யோகக் கூறுகளையும் சேர்த்தார். மதச் சடங்குகளை விலக்கினார்.

பின்னர் உளவியலாளர்கள் இதை அறிவாற்றல் சிகிச்சையுடன் இணைத்தனர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு அது மீண்டும் வராமல் தடுக்க, 2004-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் இந்த முறையைப் பரிந்துரைத்தது. குறுகிய வகுப்பு, பிறகு வீட்டில் நாள்தோறும் பயிற்சி என்று பர்மிய இல்லறத்தாருக்கு ஏற்பட்ட ஒழுங்கே மருத்துவமனையிலும் நீடிக்கிறது. துன்பத்திலிருந்து விடுதலை என்ற பழைய குறிக்கோளின் இடத்தில் மட்டும் மனநலம் வந்திருக்கிறது.