வாங்கல் பொறிக்கு வேகக்குறைப்பு கியர்: விகிதமா, முறுக்கு அதிர்வா?

சொந்தப் பட்டறையில் சிறு விமானம் கட்டுவோர் வாங்கல் வகைச் சுழல் பொறியைத் தேர்ந்தெடுத்ததும், கியர் விகிதம் எவ்வளவு வைப்பது என்றே முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி அவசியமானது. ஆனால் அது முதற்கேள்வியாக இருக்கக் கூடாது. வேகக்குறைப்பு கியரின் முறுக்கு விறைப்பும், ஒரு ரோட்டர் பழுதடைந்த நிலையில் எழும் அதிர்வுமே தேர்வை முடிவு செய்ய வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. வல்லம் வடகாலில் சிப்காட் வானூர்திப் பூங்கா இருக்கிறது; ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையத்தையும் டிட்கோ அங்கேயே முன்னெடுத்தது. ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

வேகத்தை ஏன் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மஸ்டா 13பி பொறியில் ஒவ்வொன்றும் 654 கன செ.மீ. கொண்ட இரண்டு ரோட்டர்கள். நிமிடத்துக்கு 6000 சுற்றில் 160 குதிரைத்திறன் எனக் கொண்டால், தண்டில் கிடைக்கும் முறுக்குவிசை சுமார் 190 நியூட்டன் மீட்டர். 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை அதே 6000 சுற்றில் சுழற்றினால் அதன் நுனி நொடிக்கு 565 மீட்டர் வேகத்தில் போகும். 35 டிகிரி வெயிலில் ஒலியின் வேகமே 352 மீட்டர்தான். கட்டுவோரிடையே பழகிப்போன இரண்டு விகிதங்கள் 2.17, 2.85. முதலாவதில் நுனிவேகம் 261 மீட்டராகவும் இரண்டாவதில் 198 மீட்டராகவும் இறங்கிவிடுகிறது. (பொறிக்குள்ளேயே 51 பல்லும் 34 பல்லும் கொண்ட ஒரு சக்கர இணை இருப்பதால் குறைப்பு அங்கேயே நடப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அது ரோட்டரின் நிலையை ஒழுங்குபடுத்துவதோடு சரி, திறனைக் கடத்துவதில்லை.)

இந்தியாவின் வாங்கல் அனுபவம் ஆளில்லா விமானத்தில் பிறந்தது. பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகமும், பாதுகாப்புத் துறை ஆய்வகங்களான அகமதுநகர் விஆர்டிஇயும் ஏடிஇயும் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத்திறன் பொறி, 2009 மார்ச்சில் கோலாரில் நிஷாந்த் விமானத்தைப் பறக்கவைத்தது. அதுவரை அவ்விமானம் இறக்குமதிப் பொறியை நம்பியிருந்தது. பெருமைப்படத்தக்க சாதனை அது. ஆனால் அவ்வளவு சிறிய பொறிக்குக் குட்டையான புரொப்பெல்லர் போதும். உலகெங்கும் இத்தகைய விமானங்களில் கியரே இல்லாமல் நேரடியாக இணைப்பது வழக்கம். இரண்டு பேரைச் சுமக்கும் 160 குதிரைத்திறன் விமானத்துக்கு அந்தப் பாடம் போதாது.

அதற்கான பாடம் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் ஹன்சா என்ற இருவர் விமானத்தில் இருக்கிறது. 1993இல் முதன்முதலாகப் பறந்த ஹன்சாவின் மூன்றாம் வடிவில் ரோட்டாக்ஸ் 914 பொறி. 5800 சுற்றை 2.43 விகிதத்தில் குறைக்கும் கியர் அதில் பொறியோடு சேர்ந்தே வருகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் வில்தட்டு அமைப்பும் கியர்பெட்டிக்குள் உண்டு. புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன் 0.6 கி.கி. மீ²க்கு மேல் போகக் கூடாது, ஐடில் வேகம் 1400 சுற்றுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று தயாரிப்பாளர் வரம்பு விதித்திருக்கிறார். பொறி, கியர், புரொப்பெல்லர் மூன்றும் ஒரே அதிர்வுத் தொகுதி என்பதை ஏற்றுக்கொண்டவர்கள் வகுத்த வரம்புகள் இவை. வீட்டில் கட்டுபவரோ மூன்றையும் மூன்று இடத்தில் வாங்குகிறார்.

விகிதம் ஒன்றே போதுமான இடமும் உண்டு. காஞ்சிபுரத்தில் பட்டுக்கு முறுக்கேற்றும் இயந்திரத்தில், கதிரின் வேகத்துக்கும் நூல் சுற்றும் வேகத்துக்கும் உள்ள விகிதமே நூலின் முறுக்கைத் தீர்மானிக்கிறது. மின்மோட்டார் சீராகச் சுழல்வதால் விகிதம் சரியானால் வேலை முடிந்தது. எரிப்புப் பொறி சீராகத் தள்ளுவதில்லை; துடிப்பு துடிப்பாகத் தள்ளுகிறது.

சுழல் பொறி மிகச் சீரானது, ஆகவே இந்தக் கவலை வேண்டாம் என்பாரும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒவ்வொரு விரிவு வீச்சும் தண்டின் 270 பாகைக்கு நீள்வதால் இரண்டு ரோட்டர்களின் தள்ளலும் ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. தண்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. ஐடிலை இங்கும் 1400 சுற்று எனக் கொண்டால் அது 47 ஹெர்ட்ஸ். ரப்பர் கப்ளிங் வைத்து இயல் அதிர்வெண்ணை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டால் ஒத்ததிர்வு ஐடிலுக்குக் கீழேயே தங்கிவிடும். பொறி நலமாக இருக்கும்வரை இது போதும்.

இப்போது விகிதத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம். புரொப்பெல்லரின் திருப்புத்திறன் 0.6, பொறியும் ஃப்ளைவீலும் சேர்ந்து 0.1 என்று வைத்துக்கொள்வோம். பொறியின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லரின் திருப்புத்திறன் விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடும்: 2.17இல் அது 0.127, 2.85இல் 0.074. அதே கப்ளிங்கோடு 20 ஹெர்ட்ஸாக இருந்த இயல் அதிர்வெண் 23ஆக ஏறிவிடும். மூன்று ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றலாம். ஒரு ரோட்டருக்கு எரிபொருள் நின்றுபோனால் சுற்றுக்கு ஒரு துடிப்பே மிஞ்சும். அப்போது 20 ஹெர்ட்ஸ் அமைப்பு 1200 சுற்றில், ஐடிலுக்குக் கீழே ஒத்ததிரும். 23 ஹெர்ட்ஸ் அமைப்போ 1380இல், ஏறக்குறைய ஐடில் வேகத்திலேயே ஒத்ததிரும்.

ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்களில் ஒன்று உடைந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சீல் இரண்டு அறைகளைப் பிரிப்பதால் மூன்று அறைகளில் இரண்டு அழுத்தம் இழக்கின்றன. தண்டு மூன்று சுற்றுச் சுற்றினால்தான் ரோட்டர் ஒரு சுற்று முடிக்கிறது. ஆகவே துடிப்பின் கோலம் மூன்று சுற்றுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. 23 ஹெர்ட்ஸ் அமைப்பை அது 4100 சுற்றையொட்டி உலுக்கும். திறனைக் குறைத்துத் தரையிறங்க வரும் விமானி பொறியை வைத்திருக்கக்கூடிய வேகம் அது. பழுதான பொறி இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துச் செல்லும் என்பதே சுழல் பொறியை விரும்புவோர் சொல்லும் பெரிய நன்மை. அந்தச் சில நிமிடங்களில் கியர்பெட்டி முறிந்தால் அந்த நன்மையே இல்லாமல் போகிறது.

ஒத்ததிர்வை ஓட்டவேக எல்லைக்கு மேலே தள்ளிவிடும் வழியும் உண்டு. 6000 சுற்றில் துடிப்பு 200 ஹெர்ட்ஸ் என்பதால் அமைப்பு 280 ஹெர்ட்ஸையாவது தாண்ட வேண்டும். 20 ஹெர்ட்ஸ் அமைப்பைவிட விறைப்பு ஏறத்தாழ 200 மடங்கு கூட வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு அது எட்டாது. மென்மையான கப்ளிங்கே சரியான பாதை என்பது என் முடிவு. ஆனால் அதன் தணிப்புத்திறனை அளந்து பார்த்திருக்க வேண்டும்.

அளப்பது கடினமல்ல. கியரின் இருபுறத்திலும் பல்வட்டும் காந்த உணரியும் வைத்து, இரண்டு துடிப்புத் தொடர்களின் கோண வேறுபாட்டைப் பதிந்தால் முறுக்கு அதிர்வு தெரிந்துவிடும். கார்ப் பொறியியலில் இது அன்றாட வேலை. மும்பையில் மொட்டைமாடியில் அமோல் யாதவ் கட்டிய விமானத்தை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2017இல் பதிவு செய்த பிறகு, இத்தகைய முயற்சிகள் வெறும் பேச்சல்ல. சுழல் பொறியோடு அப்படி ஒரு விமானம் இங்கே உருவானால், பறக்கப்போகும் அதே புரொப்பெல்லரை மாட்டித் தரையில் கட்டிவைத்து, ஐடிலிலிருந்து 6000 சுற்றுவரை மூன்றுமுறை ஓட்ட வேண்டும்: முதலில் இரண்டு ரோட்டரும் எரிய, அடுத்து ஒன்றின் எரிபொருளை நிறுத்தி, கடைசியாக ஒரே ஓர் அறையின் எரிப்பை மட்டும் விட்டுவிட்டு. கோண வேறுபாடு ஏறும் வேகங்களை டாக்கோமீட்டரில் சிவப்புப் பட்டையாகக் குறித்த பிறகே பறப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.