முழங்கை அறியும் இடம்

சின்னக் குளியலறையைப் பெரிதாகக் காட்ட வெள்ளை டைல்ஸ் ஒட்டுங்கள், அகலமான கண்ணாடி மாட்டுங்கள் என்பார்கள். கண்ணை நம்பிச் சொல்லும் யோசனை இது. குளிப்பவரோ முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அறை நெருக்கமா தாராளமா என்று அவருக்குச் சொல்வது சுவரில் இடிக்கும் முழங்கைதான். வெள்ளை டைல்ஸ் குளியலறைக்குள் வந்த காரணமே வேறு. கிருமிகளால்தான் நோய் வருகிறது என்ற அறிவு பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அழுக்கு பட்டால் உடனே கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அது பரவியது. சின்னக் குளியலறைக்கு உண்மையிலேயே இடம் தந்தது, அதன் தலையில் சுமத்திய வேலைகளைப் பிரித்து வெளியே அனுப்பியதுதான் என்பது என் வாதம். அதற்குச் சாட்சி ஜப்பானில் இருக்கிறது.

முதலில் நெருக்கம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் 5 அடிக்கு 8 அடி குளியலறை ஏறக்குறைய வாய்பாடாகவே ஆகிவிட்டது. தொட்டியின் நீளம் 5 அடி. அறையின் அகலமும் அதுவே. தொட்டி, கழிப்பான், வாஷ்பேசின் மூன்றையும் ஒரே சுவரோரம் வரிசையாக வைத்தால் குழாய்ச் செலவு குறையும். அறையின் அளவைத் தீர்மானித்தது குழாய். குளிக்கிற உடம்பு கணக்கில் வரவே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் கிரா, மனிதர் குனிவதையும் திரும்புவதையும் கை நீட்டுவதையும் ஆராய்ந்து 1966இல் நூலாக வெளியிட்டபோது, இந்தச் சாதனங்கள் உடம்புக்கு எவ்வளவு பொருந்தாதவை என்பது வெளிப்பட்டது. அதற்கு முன்பே, 1940இல் காப்புரிமை பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் உலோகக் குளியலறை 5 அடிக்கு 5 அடியில் அடங்கியது. அவ்வளவு சிறிய பரப்பையும் அவர் இரண்டாகப் பிரித்தார்: ஒரு பக்கம் குளியல், மறுபக்கம் கழிப்பானும் வாஷ்பேசினும். மிகச் சிலவே செய்யப்பட்டன. ஆனால் அந்தப் பிரிவினையில் ஒரு தெளிவு இருந்தது.

ஜப்பானிய நகரங்களில் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னும் ஏராளமானோர் குளித்தது சென்டோ என்ற பொதுக் குளியல் இல்லங்களில். 1955இல் தொடங்கப்பட்ட அரசின் வீட்டுவசதிக் கழகம், தான் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குள் குளியலறையைக் கொண்டுவந்தது. அடுத்த திருப்பம் 1964 டோக்கியோ ஒலிம்பிக். அதற்காக நியூ ஒட்டானி ஹோட்டல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளோடு அவசர அவசரமாக எழுந்தது. ஒவ்வொரு அறையிலும் நீர்க்காப்புப் பூசி, காயவிட்டு, டைல்ஸ் பதிக்க நேரம் இல்லை. இன்று டோட்டோ என்று அறியப்படும் நிறுவனம், ஃபைபர்கிளாஸால் தொழிற்சாலையிலேயே செய்த பாகங்களைக் கொண்டுவந்து பூட்டியது. தொட்டி, கழிப்பான், வாஷ்பேசின் மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. பின்னர் தனியாள் குடியிருப்புகளுக்கும் இதே வடிவம் பரவியது. மூட்டே தெரியாத வழவழப்பு, வெளிர் நிறம், நேர்த்தி எல்லாம் அதில் உண்டு. அப்படியும் குடியிருந்தவர்கள் அதை நெருக்கடியாகவே உணர்ந்தார்கள். கழிப்பறைத் தாள் நனைந்தது. ஒருவர் குளித்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டியிருந்தது.

குடும்ப வீடுகள் வேறு வழியில் போயின. தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து தேய்த்துக் குளித்து, சுத்தமான பிறகே வெந்நீரில் அமிழ்வது ஜப்பானிய வழக்கம். அதனால் குளியலறையின் தரை முழுவதும் குளிக்கும் இடம். கழிப்பானுக்கு, ஒருவர் நின்று திரும்பும் அளவில் தனி அறை. வாஷ்பேசினும் துணி துவைக்கும் எந்திரமும் உடை மாற்றும் முன்னறைக்குப் போயின. கழிப்பறையில் கை கழுவ இடம் வேண்டுமே என்றால், அதற்கும் வழி கண்டார்கள்: நீர்த்தொட்டியின் மூடியே குழியான கிண்ணம், தொட்டியை நிரப்ப வரும் நீர் முதலில் கையை நனைத்துவிட்டு உள்ளே இறங்கும். இவ்வளவையும் வெளியேற்றிய பின் மிஞ்சும் குளியலறை பல அடுக்குமாடி வீடுகளில் 1216 என்ற அளவுதான்: 120 சென்டிமீட்டருக்கு 160 சென்டிமீட்டர். அமெரிக்க வாய்பாட்டு அறையின் பாதியளவே இருந்தும், அதில் காலை நீட்டி உட்கார்ந்து முதுகு தேய்க்க முடிகிறது.

சுவர் எழுப்பிப் பிரித்தால் மொத்த இடம் கூடத்தானே செய்யும் என்ற ஆட்சேபம் நியாயமானது. சதுர அடியை மட்டும் எண்ணினால் கூடலாம். ஆனால் காலை ஏழு மணிக்கு ஒருவர் குளிக்க, ஒருவர் பல் துலக்க, ஒருவர் கழிப்பறையில் இருக்க முடிகிறதென்றால், அந்த வீட்டுக்குக் கிடைத்திருப்பது மூன்று அறைகளின் பயன். இது ஜப்பானியப் பழக்கத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் நான் ஏற்கவில்லை. ஃபுல்லர் அமெரிக்கர், பிரான்சின் பழைய வீடுகள் பலவற்றில் கழிப்பறை தனியே உண்டு, கிணற்றடியில் குளித்து, கொல்லைக் கோடியில் கழிப்பறை வைத்த நம் ஊர் வீடுகளும் இந்தப் பிரிவினையை அறிந்தவையே. அடுக்குமாடிகளின் அட்டாச்டு பாத்ரூம்தான் அதை மறந்தது. ஜப்பானில் இன்று வாடகைக்கு வீடு தேடும் இளைஞர்கள் குளியலறையும் கழிப்பறையும் தனித்தனியா என்று முதலிலேயே பார்க்கிறார்கள். பழைய மூன்றும் ஒன்றான கூடுகளைக் கழற்றும் உரிமையாளர்களில் சிலர் தொட்டியையே விட்டுவிட்டு, வெறும் ஷவரும் தனிக் கழிப்பறையுமாக அதே பரப்பில் மாற்றிக் கட்டுகிறார்கள்.