வெடிமருந்துக் கசடு

வெடிமருந்துக் கசடு என்பது, குழல்வாய் வழியே மருந்திட்டுச் சுடும் துப்பாக்கிகளில் கருமருந்து எரிந்தபின் குழலின் உட்புறம் படியும் எச்சம் ஆகும். கருமருந்து ஏறத்தாழ 75% வெடியுப்பு, 15% கரி, 10% கந்தகம் கொண்ட கலவை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியம் கார்பனேட்டு முதலிய திண்மங்களாக எஞ்சுகிறது. வறண்ட வெயிலில் இக்கசடு இறுகும். செம்மநத்தம் போன்ற, பனிமூட்டம் மிகுந்த சேர்வராயன் மலை ஊர்களின் காற்றில் ஈரம் உறிஞ்சி இளகும். ஆனால் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும்.

குறைக்கும் முறைகள்

சுரிகுழல் துப்பாக்கியில் வரிப்பள்ளங்களைக் கசடு அடைப்பதால், சிலமுறை சுட்டதும் குண்டு உள்ளே இறங்காது. இடையிடையே ஈரத்துணியால் துடைப்பதும், குண்டுக்குத் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த மசகு இடுவதும் வழக்கம். கசட்டில் பெரும்பகுதி உப்புகளே என்பதால் வெந்நீரே அதனைக் கரைக்கும். எண்ணெய் துருவைத் தடுக்க மட்டுமே.

இந்திய வரலாற்றில்

இம்மசகே 1857 கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று. என்ஃபீல்டு துப்பாக்கியின் தாள் தோட்டாவில் குண்டுப் பக்கம் கொழுப்பு பூசப்பட்டது. மருந்துள்ள மறுமுனையைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும். அது பசு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி 1857 சனவரியில் டம்டம் படைத்தளத்தில் பரவியது. சிப்பாய்கள் தாமே விரும்பிய மசகைப் பூசலாம் என்று அரசு அம்மாதமே இசைந்தும் ஐயம் தீரவில்லை. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைவீரருள் 85 பேர் தோட்டாக்களை ஏற்க மறுத்தனர். அவை பழைய வகைத் தோட்டாக்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மே 10 அன்று அங்கு கிளர்ச்சி மூண்டது. பின்னர் என்ஃபீல்டு தோட்டாக்களுக்குத் தேன்மெழுகு மசகாயிற்று. எளிதில் இறங்குமாறு குண்டின் விட்டமும் 0.568 அங்குலத்திலிருந்து 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.