கண்ணாடியைப் பார்க்கத் தெரியாத வழிகாட்டி – ரைனோ, 1997

சேவை ரோபோக்களின் வரலாற்றைப் பற்றி அவ்வப்போது குறிப்பு எடுத்துட்டு வர்றேன். அதில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் ஜெர்மனியின் பான் நகரத்திலுள்ள டாய்ச்சஸ் மியூசியம். 1997ல் பான் பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று அங்கே ரைனோ என்கிற ரோபோவை ஆறு நாள் வழிகாட்டியாக ஓட விட்டது. வொல்ஃப்ராம் புர்கார்ட், டீட்டர் ஃபாக்ஸ், செபாஸ்டியன் த்ருன் எல்லாம் அந்தக் குழுவில் இருந்தவர்கள்.

பார்க்க ஒரு டிரம் மாதிரி இருக்கும். சுற்றிலும் 24 சோனார், இரண்டு லேசர் தூரமானிகள், அகச்சிவப்பு உணரிகள், யாராவது இடித்தால் தெரிய தொடு உணரிகள், மேலே ஒரு ஜோடி கேமரா. இத்தனை புலன்கள் இருந்தா பிரச்சினையே இருக்காதுன்னு தோணும். உண்மையில் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது.

முதல் பிரச்சினை கூட்டம். ரோபோ தான் எங்கே நிற்கிறோம்னு தெரிஞ்சுக்க, லேசர் சொல்லும் தூரத்தைக் கையிலுள்ள வரைபடத்தோடு ஒப்பிடணும். சுத்தி நாற்பது பேர் நின்னா லேசர் சுவரைப் பார்க்காது, முழங்காலைத்தான் பார்க்கும். இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. வரைபடப்படி சுவர் மூணு மீட்டரில் இருக்கணும், லேசர் ஒரு மீட்டர்னு சொல்லுது என்றால், நடுவில் யாரோ நிற்கிறார் என்பதே பெரும்பாலும் காரணம். அந்த அளவீட்டைத் தூக்கிப் போடு. ஆனால் லேசர் ஐந்து மீட்டர்னு சொன்னா, அதைத் தூக்கிப் போடக்கூடாது. மனிதர்கள் தூரத்தைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. அப்போ ரோபோ தன் இடத்தைத்தான் தப்பா நினைச்சிட்டிருக்கு.

இதில் ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? இடம் கண்டுபிடிக்கிற மென்பொருள் வேண்டாம்னு ஒதுக்குகிற அதே அளவீடுதான், மோதலைத் தவிர்க்கிற மென்பொருளுக்கு உயிர்நாடி. ஒருத்தருக்கு இரைச்சல், இன்னொருத்தருக்கு எதிரில் நிற்கும் குழந்தை. பல உணரிகளின் தரவை ஒன்றாகச் சேர்த்து ஒரே 'சுத்தமான' உலகப் படமாக எல்லாருக்கும் கொடுத்துடலாம்னு நினைக்கிற வடிவமைப்புகள் அடிபடுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். எங்க துறையிலயும் இந்தச் சண்டை தினம் நடக்குது.

இரண்டாவது பிரச்சினை கண்ணாடி. காட்சிப்பொருள்களைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டிகள். லேசர் கண்ணாடியை ஊடுருவிப் போயிடும். சோனார் ஒலி சாய்வாகப் பட்டால் வேறெங்கோ தெறிச்சிடும், திரும்பி வராது. ஆக எந்தப் புலனையும் முழுசா நம்ப முடியாது. அதனால குழு நினைவை ஒரு புலனா மாத்திட்டாங்க. கண்ணாடிப் பெட்டிகள் எங்கெங்கே இருக்குன்னு வரைபடத்தில் இருக்கு; ரோபோ தன் இடத்தை வைத்து, 'இந்த லேசருக்குக் கண்ணாடி தெரிந்திருந்தால் எவ்வளவு தூரம் காட்டியிருக்கும்' என்று கற்பனை அளவீடு ஒன்றைக் கணக்கிடும். தன் இடமே நூறு சதவீதம் உறுதியில்லையே? அதற்காக, 99 சதவீத நிகழ்தகவோடு மோதாமல் இருக்கும் அளவுக்குத் தூரத்தைக் குறைத்து எடுத்துக்கொள்ளும்.

ஆறு நாளில் ஓடிய நேரம் சுமார் 47 மணி, தூரம் 18.6 கிலோமீட்டர், பார்த்தவர்கள் 2,000 பேருக்கு மேல். நேரில் வர முடியாதவர்கள் இணையம் வழியாகவும் ரோபோவை அனுப்பிப் பார்த்தார்கள், 1997லேயே! மோதல்கள் ஆறு, எல்லாம் மெதுவான வேகத்தில். அதில் மென்பொருளால் வந்தது ஒன்றே ஒன்று: இடத்தைத் தேவையான துல்லியத்தோடு கணிக்கவில்லை. நினைவைப் புலனாக நம்பினால் கொடுக்க வேண்டிய விலை அதுதான். மற்றவை பெரும்பாலும் பேட்டரியை நேரத்துக்கு மாற்றாததால் வந்த வன்பொருள் கோளாறுகளும், வரைபடத்தில் விட்டுப்போன பொருள்களும். இதையெல்லாம் மறைக்காமல் கட்டுரையிலேயே எழுதி வச்சிருக்காங்க, அதுக்கே ஒரு சலாம்.

மூன்றாவது பிரச்சினையை எந்த உணரியாலும் தீர்க்க முடியாது. வழி மறித்தால் ரைனோ ஹார்ன் அடிக்கும். அதைக் கேட்கவே ஜனங்க வேணும்னே வழி மறிச்சாங்க. சிலர் வரைபடத்துக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கம் அதை இழுத்துட்டுப் போகப் பார்த்தாங்க. படிக்கட்டு ரைனோவின் உணரிகளுக்குத் தெரியாது; விழுந்தால் அந்த எடை யார் மேல் விழுமோ.

அடுத்த வருஷமே, 1998ல், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மினெர்வா வந்தது. அதற்கு முகம் கொடுத்தார்கள்: புருவம், வாய். வழி மறித்தால் புன்னகை போய் முகம் கடுகடுக்கும். கேமராவைக் கூரையை நோக்கித் திருப்பினார்கள். தேர்க்கூட்டத்தில் வழி தெரியாதவன் கோபுரத்தைப் பார்த்து நடக்கிற மாதிரி. இரண்டு வாரத்தில் 44 கிலோமீட்டர் ஓடியது.

இன்றைக்கு ஆர்.ஓ.எஸ் பயன்படுத்தி ரோபோ செய்கிற மாணவர்கள் ஏ.எம்.சி.எல் தொகுப்பின் அமைப்புக் கோப்பைத் திறந்தால் 'இசட் ஷார்ட்' என்று ஒரு எண் இருக்கும். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரும் அளவீடுகளுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்பது அது. பான் நகரத்து முழங்கால்கள்தான்.