புக்கிட் பாத்தோக்கில் ஒரு நாள்: எதைக் காண்பது, எதை விடுவது?



பயணம் புறப்படுவது எளிது. போன இடத்தில் எதைப் பார்ப்பது என்று தேர்ந்துகொள்வதுதான் கடினம். திராட்சை விளையும் ஊர்களுக்குச் சென்று, மது வடிக்கும் ஆலைகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இந்தியாவில் நாசிக் நகரைச் சுற்றி அத்தகைய ஆலைகள் பல இருக்கின்றன. விவரம் அறிந்தவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் ஓடுவதில்லை. அருகருகே உள்ளனவும், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லாதனவுமாக இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்துகொள்கிறார்கள். மது நமக்கு வேண்டாம். கள்ளுக்கடையால் நம் தோட்டப்புறக் குடும்பங்கள் பட்ட துன்பம் போதும். தேர்ந்துகொள்ளும் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

சிங்கப்பூருக்கு வரும் நம்மவர்கள் தேக்காவில் சாமான் வாங்கி, கோயில் கும்பிட்டு, கடற்கரைக்கும் ஓடி, மாலையில் களைத்துப்போகிறார்கள். பிள்ளைகளோ பேருந்தில் உறங்கிவிடுகிறார்கள். ஒரு நாளை வரலாற்றுக்கென்று ஒதுக்கினால் எங்கே போகலாம்? புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் மூன்று இடங்களை நாம் தேர்ந்துகொள்வோம்.

முதலாவது, ‘சின்னக் குய்லின்’ என்று அழைக்கப்படும் பூங்கா. புக்கிட் கொம்பாக் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். நீர்நிலையின் நடுவே செங்குத்தான பாறைகள் நிற்கும். சீனத்துக் குய்லின் மலைகளை நினைவூட்டுவதால் இப்பெயர் வந்தது. ஆனால், இது இயற்கை அமைத்த குளமன்று; கருங்கல் வெட்டியெடுத்த பள்ளம். கல்லுடைத்த தொழிலாளரின் உழைப்பு விட்டுச்சென்ற தடம் இது. அழகை ரசிக்கும் பிள்ளைகளிடம், “இந்தப் பள்ளத்தைத் தோண்டியவர்கள் யார்?” என்று கேளுங்கள். அன்றைய வரலாற்றுப் பாடம் அங்கே தொடங்கிவிடும்.

இரண்டாவது, சற்றுத் தள்ளியுள்ள புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்காவின் குன்று. அதன்மேல் ஏறுவதற்கு ஏறக்குறைய 120 படிகள் இருக்கின்றன. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், போரில் மாண்ட தம் வீரர்களுக்காக இங்கே ஒரு நினைவுத்தூணை எழுப்பினர். அதைக் கட்டிய கைகள் ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளின் கைகள். அந்தக் கைதிகளும் மாண்ட தம் தோழர்களுக்காக அருகே ஒரு மரச்சிலுவை நாட்டிக்கொள்ள இசைவு பெற்றனர். 1945இல் போர் முடியும் தறுவாயில் தூணும் சிலுவையும் அழிந்தன. படிகள் மட்டும் எஞ்சின. உச்சியில் இன்று ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. வெற்றிச் சின்னம் மூன்றாண்டு நிற்கவில்லை. அடிமைப்பட்ட கைகள் அமைத்த படிகளோ நிலைத்துவிட்டன.

மூன்றாவது, அக்குன்றின் அடிவாரத்தை ஒட்டி, அப்பர் புக்கிட் தீமா சாலையில் உள்ள பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1941இல் மோட்டார் வண்டிகளைப் பூட்டுவதற்காகத் திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் இங்கேதான் ஆங்கிலேயத் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். 2006இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இப்போது ஜப்பானியர் காலத்தைச் சொல்லும் காட்சிக்கூடமாக இருக்கிறது.

இம்மூன்றையும் ஏன் சேர்த்துத் தேர்ந்துகொண்டோம்? இந்தத் தொழிற்சாலையில் இடப்பட்ட கையெழுத்து நம் லயன் வீடுகள்வரை வந்து கதவைத் தட்டியது. இங்கே சிறைப்பட்ட வீரர்களுள் ஆயிரக்கணக்கானோர் சயாம் ரயில் பாதை போட அனுப்பப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டனர். சயாமையும் பர்மாவையும் இணைத்த அப்பாதை சுமார் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் அது முடிவதற்குள் காலராவும் பட்டினியும் எத்தனையோ உயிர்களைக் குடித்தன. மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களுள் பெரும்பாலோருக்கு அது வாய்க்கவில்லை.

ஆகவே, நேயர்களே, இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவது இடத்துக்கு ஓடுவதற்கு மிச்சமாகும் நேரத்தில், அங்குள்ள மரநிழலில் குடும்பத்தோடு அமருங்கள். கட்டுச்சோற்றைப் பிரிக்கும்போதே வீட்டுப் பெரியவர்களிடம், “நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்? திரும்பி வந்தவர் யார்?” என்று கேளுங்கள். போனவர்களின் பிள்ளைகளே இன்று முதியவர்களாகிவிட்டனர். அவர்கள் சொல்லும் பெயர்களைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். கல்லில் எழுதப்படாத பெயர்கள் காகிதத்திலாவது நிற்க வேண்டும். அதுவே அந்த நாள் பயணத்தில் நாம் காணும் நான்காவது இடம்.