மாட்டு வண்டியில் வந்த நூலகம்



ஆகஸ்ட் 12 வந்துவிட்டால் ஓய்வு பெற்ற எங்களுக்கும் ஒரு சின்ன மரியாதை கிடைக்கும். நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த நாள். நூலகர் தினம் என்று கொண்டாடுகிறோம். படத்துக்கு ஒரு மாலை, பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, பெரியவர்களுக்கு டீ, மிக்சர். இந்த வருஷம் என்னையும் கூப்பிட்டு, "சார், பத்து நிமிஷம் பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்றார்கள். மன்னார்குடி மாட்டு வண்டியைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஆனால் அந்த வண்டியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிற இன்னொரு கதையை மேடையில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டி.

1931-ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். அன்றைய தஞ்சை ஜில்லா மன்னார்குடி பக்கத்தில் மேலவாசல் என்ற கிராமம். அந்த ஊரில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். இஞ்சினியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவதுதான் வழக்கம். (நாங்கள் இப்போது இணையத்தில் பேசுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.) அவர் அப்படி உட்காரவில்லை. புத்தகம் அடுக்குவதற்குத் தோதாக ஒரு மாட்டு வண்டியை வடிவமைத்தார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்து வாங்க ஏற்பாடு செய்தார். அதைத் தொடங்கி வைக்க வந்தவர், அப்போது சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த ரங்கநாதன். நம் நாட்டு நடமாடும் நூலக வரலாற்றை யார் எழுதினாலும் இந்த வண்டியைச் சொல்லாமல் எழுத முடியாது.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்து கிடந்தது. 1931 ஜனத்தொகைக் கணக்கின்படி நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட எழுத்தறிந்தவர்கள் இல்லை. பெண்களின் கணக்கு அதிலும் மோசம். அப்படிப்பட்ட காலத்தில் புத்தக வண்டி எதற்கு என்று யாரும் கேட்கலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு அதற்குப் பதில் தெரியும். ஒரு தெருவில் ஒருவருக்குப் படிக்கத் தெரிந்தால் போதும், மீதிப் பேர் கேட்பார்கள். என் பாட்டிக்கு அ, ஆ தெரியாது. ஆனால் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களில் பாதி அவளுக்கு மனப்பாடம். எல்லாம் யாரோ ராத்திரி சிம்னி விளக்கில் வாசிக்கக் கேட்டதுதான். டீக்கடையில் ஒருவர் தினத்தந்தியை உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்டதை நாமே பார்த்திருக்கிறோம்.

இதற்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்லமாட்டேன். பரோடா மகாராஜா மூன்றாம் சயாஜிராவ், 1910-இல் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து சமஸ்தானம் முழுக்க நூலகங்கள் அமைத்தார். நூலகம் இல்லாத ஊர்களுக்கு மரப்பெட்டியில் புத்தகம் அனுப்பினார்கள். பெண்களுக்கென்று தனி வாசகசாலையும் வைத்தார்கள். நம் வண்டிக்குச் சில வருஷம் கழித்து, 1935-இல், ஆந்திரத்தில் பாதூரி நாகபூஷணம் என்பவர் படகில் புத்தகம் ஏற்றிக் கால்வாய்க் கரை ஊர்களுக்குக் கொண்டுபோனார். பெட்டியோ, வண்டியோ, படகோ, யோசனை ஒன்றுதான். வர முடியாதவனிடம் நாம் போக வேண்டும்.

அதே 1931-இல்தான் ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகள் என்ற புத்தகம் வெளிவந்தது. நாங்கள் நூலகப் படிப்பில் மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்துபோன புத்தகம். அவர் முதலில் கணக்கு வாத்தியார். 1924-இல் நூலகராக வந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே, பேச ஆளில்லாத அந்த வேலை பிடிக்காமல் பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார் என்பார்கள். லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே பொது நூலகங்களில் எல்லாத் தரப்பு ஜனங்களும் சர்வ சாதாரணமாக வந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பிறகு வேறு மனிதர் ஆகிவிட்டார்.

ஐந்தில் முதல் விதி, புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கு என்கிறது. இரண்டாவது விதி, எந்த வாசகராக இருந்தாலும் அவருக்கென்று புத்தகம் உண்டு என்கிறது. கேட்க எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டாவது விதிக்கு அவர் யார் யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறார் தெரியுமா? பணக்காரருக்குச் சரியாக ஏழை. ஆணுக்குச் சரியாகப் பெண். பட்டணத்தாருக்குச் சரியாக நாட்டுப்புறத்தார். அதோடு விடவில்லை. கண் தெரியாதவர், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், ஜெயிலில் இருப்பவர், கப்பலில் போகிறவர் என்று ஒவ்வொரு வகையாருக்கும் நூலகம் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். பின்தங்கியவர்களுக்கு நூலகச் சேவை என்று இன்று கருத்தரங்கு வைத்துப் பேசுகிற விஷயம் முழுவதும் அதில் இருக்கிறது.

வண்டியும் புத்தகமும் வந்துவிட்டன. ஆனால் வண்டி ஒரு தனி மனிதரின் தர்மம். தர்மம் என்றால் அவருக்குப் பின் நிற்குமா என்பது சந்தேகம். அதனால் சட்டம் வேண்டும் என்று ரங்கநாதன் பல வருஷம் போராடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, 1948-இல், சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாகாணம் நம்முடையது. ஜில்லாவுக்கு ஒரு நூலக ஆணைக்குழு ஏற்பட்டது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்கினார்கள். இன்றைக்கும் உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குப் போகிறது. மாடி வீட்டுக்காரர் கட்டுகிறார். ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். அந்தக் கணக்கில் பார்த்தால் நூலகத்துக்கு எல்லோரும் சொந்தக்காரர்கள்.

இனி நான் மேடையில் சொல்லாத கதை.

1987 என்று ஞாபகம். ஒரு சிறிய ஊரில் கிளை நூலகராக இருந்தேன். ஊர் பெயர் வேண்டாம். வாடகைக் கட்டடம், இரண்டு ஜன்னல், ஒரு நீள மேஜை, எட்டு நாற்காலி. தினமும் சாயங்காலம் ஒரு பையன் வருவான். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். காலனியிலிருந்து வருகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். பேப்பர் படிக்க எந்த அட்டையும் வேண்டாம், யாரும் உட்கார்ந்து படிக்கலாம். ஆனால் அவன் உட்காரமாட்டான். ஜன்னல் ஓரமாக நின்றபடி படிப்பான். மேஜையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் தினமும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஒன்றும் சொன்னதில்லை. நானும் ஒன்றும் சொன்னதில்லை. "உட்காருப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒரு நாள் மேஜைக்கு வந்தான்.

"சார், இந்தப் பொது அறிவுப் புஸ்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாங்களா? குரூப் ஃபோர் எழுதப் போறேன்."

"மெம்பர் ஆகணும்பா. காப்புத் தொகை கட்டணும். ஒரு கவர்மெண்ட் ஊழியர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

"பணம் சேத்து வெச்சிருக்கேன் சார். ஆனா எங்க தெருவுல யாரும் கவர்மெண்ட் வேலையில இல்லீங்க."

"யாராவது வாத்தியாரைப் போய்க் கேளு."

படிவத்தை வாங்கிக்கொண்டு போனான். பத்து நாள் ஆளையே காணோம். பிறகு வந்தான். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். அதை விரித்து மேஜைமேல் வைத்தான். கையெழுத்து இடம் காலியாக இருந்தது.

"யாரும் போட மாட்டேங்கிறாங்க சார். இதை வேற யாருக்காவது குடுங்க. எழுதாமத்தான் வெச்சிருக்கேன்."

அவ்வளவுதான். நானும் அந்தப் படிவத்தை வாங்கி டிராயரில் வைத்தேன். பிறகு அவன் பேப்பர் படிக்கவும் வரவில்லை. சில மாதத்தில் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

அந்த மாற்றல் உத்தரவில் என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நானும் சம்பளம் வாங்குகிற ஊழியன்தானே! பிணைக் கையெழுத்தை நானே போட்டிருக்கலாமே! புத்தகம் தொலைந்தால் போவது இருபது ரூபாய். அந்த இருபது ரூபாய்க்குப் பயந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எனக்கு அந்த யோசனையே வரவில்லை, அதுதான் உண்மை. இரண்டாவது விதியைப் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். அவன் அப்பா வீட்டு வரி கட்டியிருந்தால் என் சம்பளத்தில் அவருடைய காசும் சேர்ந்திருக்கும். அது மேலவாசல் வண்டி போன அதே ஜில்லாதான்.

நூலகத்தின் கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் சிலருக்கு அந்தப் படியில் ஏறுவது நமக்குத் தெரிகிற அளவு சுலபம் இல்லை. படிவத்தில் ஒரு காலி இடம் போதும், ஒருவனைத் திருப்பி அனுப்ப. கூப்பிடாத ஒரு நாற்காலியும் அதைச் செய்யும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நூலகம் வந்தார். முன்பு எங்கள் நூலகத்தில் பாதிப் புத்தகங்களைப் படித்து முடித்தவர். கண்ணில் பிரஷர் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. "எனக்கு இனிமே என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எங்களிடம் பிரெயில் புத்தகம் ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் பயனில்லை. அறுபது வயதுக்குமேல் பார்வை போனவருக்குத் தடவிப் படிக்க விரல் பழகுவது கடினம். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் அவர் தெருவிலேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் அவருக்கு வாசித்துக் காட்ட ஏற்பாடு செய்தேன். "அவளுக்கும் தமிழ் வரும்" என்றார் வாத்தியார். தப்பாக வாசித்தால் திருத்துவார்.

இப்போது நிலைமை எவ்வளவோ மேல். சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு புத்தகத்தைக் கண் தெரியாதவருக்காக ஒலிப்பதிவு செய்தாலே காப்புரிமைச் சிக்கல் வரும். 2012-இல் நம் நாட்டுச் சட்டத்தைத் திருத்தி அதற்கு வழி செய்தார்கள். 2013-இல் மொராக்கோ நாட்டு மராகேஷ் நகரில் இதற்கென்றே ஓர் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை முதன்முதலில் உறுதி செய்த நாடு எது தெரியுமா? இந்தியாதான், 2014-இல். 2016-இல் அது நடைமுறைக்கு வந்தது. இன்றைக்குக் கைபேசியே தமிழை வாசித்துக் காட்டுகிறது. ஆனால் கைபேசியில் அதை எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுக்க இப்போதும் ஓர் ஆள் வேண்டும். கனகசபைப் பிள்ளையின் வண்டியும் தானாக ஓடவில்லை. ஒருவர் மாட்டைப் பூட்டினார்.

ஓய்வு பெற்ற பிறகு நான் ஒன்று செய்கிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: "கையெழுத்துக்கு ஆள் இல்லேன்னு எந்தப் பிள்ளை வந்தாலும் என் வீட்டுக்கு அனுப்புங்க தம்பி." பென்ஷன்தாரர் கையெழுத்தும் செல்லும் என்று ஒத்துக்கொண்டார். இதுவரை பதினான்கு படிவத்தில் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு பெண் புத்தகத்தைத் தொலைத்துவிட்டாள். நூற்றெண்பது ரூபாய் கட்டினேன். அவள் இப்போதும் நூலகம் போகிறாள்.

என் வயதை ஒத்த நண்பர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். வாத்தியாராகவும் தாலுகா ஆபீசிலும் மின்வாரியத்திலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். உங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். பேப்பர் படித்துவிட்டுத் திரும்பும்போது, "படிவம் வாங்கிக்கிட்டுப் போயி திரும்பி வராத பிள்ளைங்க யாராவது இருக்காங்களா?" என்று நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பேனாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மற்றவை அடுத்த வாரம்.